ஆறு வாரம் கட்டிக் கிடந்த என் வலது கை

நம் கோயிலின் பங்கு இதழைக் கையில் எடுத்திருக்கும் எல்லாருக்கும் ஆரோக்கியமேரியின் தோத்திரம். சவரிமுத்து வாத்தியார் வீட்டுக்காரி என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும். வயது அறுபத்தாறு ஆகிறது. போன வருஷம் தவக்காலத்தில், முதல் வெள்ளி செபக்கூட்டத்தில், மைக்கைப் பிடித்து ஒரு சாட்சி சொன்னேனே, அதே மேரிதான். “ஆண்டவர் என் தோளைத் தொட்டார், வலி பறந்துபோச்சு” என்றேன். நீங்களும் கை தட்டினீர்கள். அன்றைக்கு நான் சொன்னது நிலைக்கவில்லை. அடுத்த நாள் காலையிலேயே பொய்யாய்ப் போனது. அதை ஒருவரிடமும் சொல்லாமல் நான் மூடி மறைத்தேன். அதைத் திருத்தி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். நல்ல உயரம், நல்ல கனம். மைதானத்தில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால் ரோட்டில் போகிற பஸ்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவது, நாற்காலிக்கு மாற்றுவது, கக்கூசுக்குக் கூட்டிப்போவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். அவருடைய அக்குளுக்குள் என் வலது கையை நுழைத்து, “மாதாவே” என்று ஒரு தூக்குத் தூக்குவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இருக்கும். யாராவது கை கொடுக்க வந்தால், “நீங்க இருங்க, ஒங்களுக்குத் தெரியாது” என்று விரட்டிவிடுவேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செபக்கூட்டத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வலது தோளில் வலி ஆரம்பித்தது. முதலில் கொண்டை போடக் கை மேலே போகவில்லை. அப்புறம் ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உயிர் போனது. தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் “தூக்காதீங்க” என்று சொல்வார், அதைக் கேட்க எனக்குப் பயம்.

ஏன் பயம் என்றால், எங்கள் மகள் ஸ்டெல்லா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தவள் என்னைக் கவனித்துவிட்டாள்.

“அம்மா, ஒன்னால முடியல. எனக்குத் தெரியுது. சிஸ்டருங்க நடத்துற இல்லம் ஒன்னு இருக்கு. அப்பாவ அங்கிட்டு நல்லாப் பாத்துக்குவாங்க. நீ எங்கூட வந்திரு.”

“ஒங்கப்பாவ நான் உசுரோட இருக்கையில எங்கிட்டும் அனுப்ப மாட்டேன். போடி” என்றேன்.

அவள்மேல் குற்றமில்லை. அவள் கண்ணீரோடுதான் சொன்னாள். ஆனால் எனக்குத்தான் ஒப்பவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தாயிற்று. அவர் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில், மாதத்துக்கு ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதா? என் கை வேலை செய்கிற வரைதான் அவர் என் வீட்டில் இருப்பார். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் அந்தச் செபக்கூட்டத்துக்கு வந்தேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தை நடத்துகிற பிலோமினா அன்றைக்கு முன்னால் நின்று செபம் சொன்னாள். பாட்டு, தபேலா, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். “வலி இருக்கிறவங்க விசுவாசத்தோட கையத் தூக்குங்க” என்றாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். தூக்க முடிந்தது! உடம்பெல்லாம் சூடாக இருந்தது. வலி தெரியவில்லை. அழுதேன். மைக் என் கையில் வந்தது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அவரை எழுப்பப் போனேன். சுகமான தோள் அல்லவா? வழக்கமாக இடுப்பில் சுற்றி இழுக்கிற துண்டைக்கூட எடுக்கவில்லை. வெறும் வலது கையாலேயே தூக்கினேன். தோளுக்குள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். அவருக்கும் கேட்டிருக்கிறது. இரண்டு பேரும் கட்டிலிலேயே சரிந்தோம். நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து பார்த்தால் என் கை பக்கத்தில் சும்மா தொங்குகிறது. மனது தூக்கச் சொல்கிறது, கை அசைய மாட்டேன் என்கிறது.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. நேற்றுத்தான் ஊரறியச் சாட்சி சொன்னேன், இன்றைக்கு எந்த முகத்தோடு போவது? ஆண்டவர் பெயருக்கு என்னால் அவமானம் வந்துவிடுமே என்று நினைத்தேன். ஆண்டவர் பெயராவது ஒன்றாவது! என் பெயருக்குத்தான் பயந்தேன். மூன்று வாரம் சேலைத் தலைப்பை வலது தோளோடு சுற்றிப் போர்த்திக்கொண்டு திரிந்தேன். இடது கையாலேயே சமைத்தேன். அவரைத் துண்டு போட்டு, பல்லால் முடிச்சை இறுக்கி, மாடு இழுக்கிற மாதிரி இழுத்து உட்கார வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில் தண்ணீர் நிற்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

குருத்து ஞாயிறு அன்று மாட்டிக்கொண்டேன். பூசையில் எல்லாரும் சிலுவை அடையாளம் போடும்போது என் வலது கை நெற்றி வரைக்கும் வரவில்லை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இடது கையால் போட்டேன். நம் ஊரில் சின்னப் பிள்ளை இடது கையால் சிலுவை போட்டாலே தட்டிவிடுவோமே. பிலோமினா பார்த்துவிட்டாள். பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் மறித்துக்கொண்டாள்.

“அக்கா, ஏன் எடக்கையால சிலுவ போட்டீங்க?”

“கொழுப்பு, வேற என்ன” என்றேன்.

“வெளையாடாதீங்க. அந்தத் தலப்ப எடுங்க, பாப்போம்.”

தலைப்பை அவளே விலக்கினாள். தோள் சதை வற்றிப்போய்க் குழி விழுந்திருந்தது. அவள் முகம் செத்துவிட்டது. நான் அவளைத் திட்டத் தயாராக இருந்தேன். “நீ தூக்கச் சொல்லித்தானேடி தூக்கினேன்” என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

“நாந்தானக்கா தூக்கச் சொன்னேன். டாக்டரப் பாத்தீங்களான்னு ஒரு வார்த்த கேக்காமப் போனேனே. நாளைக்கே திருச்சிக்குப் போறோம். நான் வாரேன் ஒங்ககூட.”

மறுநாள் அவள் வீட்டுக்காரரை என் வீட்டுக்காரருக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் என்னைக் கூட்டிப்போனாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். “தோள்ல கையத் தூக்குற தசைநார் முழுசா அந்து போச்சும்மா. எலும்ப விட்டு வெலகி நிக்குது. எப்ப ஆச்சு?” என்றார். மூன்று வாரம் என்றேன். “மூணு வாரமா என்ன பண்ணீங்க?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிலோமினாவும் குனிந்துகொண்டாள்.

அவர் ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். “இன்னும் தள்ளிப்போட்டா நார் சுருங்கிரும், அப்புறம் இழுத்துத் தைக்க முடியாது. ஆனா ஒன்னு. ஒங்க வயசுல நார் நைஞ்ச துணி மாதிரி இருக்கும். தையல் புடிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தைக்கிறது என் வேல. அது எலும்போட ஒட்டுற வரைக்கும் ஆறு வாரம் அந்தக் கையால ஒன்னுமே செய்யாம இருக்கிறது ஒங்க வேல. அதுல தப்பு நடந்தா மறுபடி கிழிஞ்சிரும்.”

“அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரத் தூக்கலாமா சார்?”

அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். “அத அப்புறம் பேசுவோம்மா” என்றார்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மூன்றாம் வாரம் ஆபரேஷன். எனக்கு இருந்த சர்க்கரை நோயை அடக்குவதற்கே அத்தனை நாள் ஆனது. எனக்கா வாயைக் கட்ட முடியாது? கட்டினேன். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது நான் செய்த செபத்தை அப்படியே எழுதுகிறேன். “ஆண்டவரே, இந்தக் கையைத் திருப்பிக் குடு. எனக்கு அவரைத் தூக்கணும். எங்க ரெண்டு பேரையும் பிரிச்சிராத.” வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கருவியை உள்ளே விட்டு, எலும்பில் நார் நிற்க நூல் கட்டியிருந்தார்கள். கையை ஒரு தலையணையோடு சேர்த்து வயிற்றோரம் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

ஸ்டெல்லா மூன்று வாரம் லீவு போட்டு வந்திருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டாள். கிளம்பும்போது என் முன்னால் உட்கார்ந்தாள். “ஆறு வாரம் முடியட்டும்மா. கை வந்துச்சுன்னா நான் வாயத் தெறக்க மாட்டேன். வரலேன்னா நான் சொன்னதுதான். நீ அடம் புடிக்கக் கூடாது.” சரி என்றேன். கையை மீட்டே தீருவது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது.

அதன்பிறகு அவரைத் தூக்க இரண்டு வீட்டார் முறை வைத்துக்கொண்டார்கள். காலையிலும் மத்தியானமும் எதிர்வீட்டுக் கருப்பையா, சாயங்காலம் பிலோமினாவும் அவள் வீட்டுக்காரரும். கருப்பையா அய்யனார் கோயில் பூசாரி வீட்டு ஆள். “ஒங்க மாதாவும் எங்க அய்யனாரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் என்னய அனுப்பியிருக்காக” என்று சிரித்துக்கொண்டே தூக்குவார். அந்த இரண்டு வீட்டாருக்கும் நான் செய்ய வேண்டிய கைமாறு இந்த சென்மத்தில் முடியாது.

எனக்குத்தான் சும்மா இருப்பது நரகமாக இருந்தது. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தால்கூட வலது கை முதலில் துடிக்கும். பெல்ட்டுக்குள்ளேயே அடக்கிக்கொள்வேன். பிசியோதெரபி மேடம் விரலை மடக்கி நீட்டவும், மணிக்கட்டைச் சுழற்றவும் மட்டும் சொல்லியிருந்தார். நான் அதைச் செய்யும்போது என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி எண்ண ஆரம்பித்தார். “ஒன்... டூ... த்ரீ...” முதலில் குழறல். நாள் போகப் போக அதில் பழைய டிரில் சத்தம் கேட்டது. நான் பத்தோடு நிறுத்தினால், “இன்னும் அஞ்சு!” என்பார். “ரிட்டயர்டு ஆகியும் விடமாட்டீங்களா?” என்பேன். சிரிப்பார். மூன்று வருஷமாக நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது வாரம். ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கருப்பையா புதுக்கோட்டைக்கு மருந்துக்கடைக்குப் போயிருந்தார். பிலோமினா இருக்கிற தெருவே நூறுநாள் வேலைக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லை. கக்கூசுக்குப் போக வேண்டும் என்று கையைக் காட்டினார். “கொஞ்சம் பொறுத்துக்கங்க, கருப்பையா வந்துருவாரு” என்றேன். அவர் முகம் வேர்த்தது. பொறுக்க முடியாது என்று தலையை ஆட்டினார். எத்தனை சுத்தமான மனுஷர். பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு கறை படாதவர். படுக்கையிலேயே போய்விடுமோ என்ற அவமானத்தில் அவர் கண் தவித்தது. என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு தடவைதானே? ஒரே ஒரு தடவை. “ஆண்டவரே, நீ பாத்துக்க” என்று சொல்லிக்கொண்டு, இடது கையால் பெல்ட்டைப் பிரித்தேன். ஒரு பட்டை பிரிந்தது. இரண்டாவது பட்டை பிரிந்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. செபக்கூட்டத்தில் செய்த அதே காரியத்தை மறுபடியும் செய்கிறேன், அதையும் ஆண்டவர் தலையில் கட்டுகிறேன்.

“மேரி! தொடாத!”

வீடே அதிர்ந்தது. குழறாத, சுத்தமான குரல். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் வலது கையை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்தார். வலது காலைத் தரையில் ஊன்றினார். இழுத்தார். பாதி எழுந்து கட்டிலில் விழுந்தார். நான் ஓர் அடி முன்னால் போனேன். அவர் கண்ணாலேயே என்னை நிறுத்தினார். மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். என் வலது கை பாதி பிரிந்த பெல்ட்டுக்குள் துடிக்கிறது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்ன செய்வது என்று தெரியாமல் வாயைத் திறந்து எண்ணினேன். “ஒன்... டூ...” மனதுக்குள், விடாத சாமி, விடாத சாமி. “த்ரீ!”

நின்றார். கால் நடுங்கியது. கம்பியை விட்டுச் சுவரைப் பிடித்தார். இடது காலை இழுத்து இழுத்து, சுவரோடு சுவராக, கக்கூஸ் வாசல் வரைக்கும் போனார். நான் பின்னாலேயே வாயைப் பொத்திக்கொண்டு போனேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. வேட்டியெல்லாம் நனைந்திருந்தது, வேர்வையால். “பாஸ்” என்றார், பரீட்சை முடிந்த பையன் மாதிரி. இரண்டு பேரும் அழுதோம். கருப்பையா வந்து பார்த்தபோதும் அழுதுகொண்டுதான் இருந்தோம். யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே போனில் பிசியோதெரபி மேடத்திடம் சொன்னேன். இரண்டு பேருக்கும் சரியான திட்டு. சுவரைப் பிடித்துப் போனது ஆபத்து என்றார். அந்த வாரமே வீட்டுக்கு வந்து, என் வீட்டுக்காரர் காலையும் கையையும் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு வாக்கர் வைத்துப் பழக்க ஆரம்பித்தார். “சார், வலது பக்கம் இவ்வளவு பலம் இருக்கு. மூணு வருஷமா ஏன் எந்திரிக்க முயற்சி பண்ணல?” என்று கேட்டார்.

அவர் யோசிக்கவே இல்லை. என்னைக் காட்டினார். “இவ விடல.”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. மூன்று வருஷம் முதுகு ஒடிய ஒடியத் தூக்கினவளுக்கு இதுவா பேச்சு? ஆனால் யோசித்துப் பார்த்தால் உண்மை. அவர் காலை ஊன்றப் பார்ப்பதற்குள் நான் போய்த் தூக்கிவிடுவேன். அவர் முயற்சி செய்து விழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தைரியத்தை ஆண்டவர் எனக்குக் கையைக் கட்டிப் போட்டுத்தான் கொடுத்தார்.

ஆறு வாரம் முடிந்து பெல்ட்டைக் கழற்றினார்கள். டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேனும் பார்த்தார். “தையல் புடிச்சிருக்கு” என்றார். அந்த இடத்திலேயே முழந்தாள் போட்டுவிடலாம் போல இருந்தது. அதன்பிறகுதான் பெரிய பாடு. கதவு மேலே கப்பி மாட்டிக் கயிற்றை இழுக்க வேண்டும். சுவரில் விரலால் ஏற வேண்டும். நேற்றைக்கு ஏறின இடத்துக்கு இன்றைக்கு ஏறாது. வலியில் கெட்ட வார்த்தைகூட வந்திருக்கிறது, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு நாள் விடவில்லை. ஒருபக்கம் நான் கயிற்றை இழுப்பேன், மறுபக்கம் அவர் வாக்கரில் நடப்பார். யார் முதலில் உட்காருகிறோம் என்று போட்டி. ஐப்பசி மழை ஆரம்பித்த சமயத்தில் நானே கொண்டை போட்டுக்கொண்டேன். மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுத்தேன். வலது கையால் நெற்றியைத் தொட்டுச் சிலுவை போட்டேன்.

தள்ளிப்போட்ட கேள்வியை டாக்டரிடம் மறுபடி கேட்டேன். “வீட்டு வேல எல்லாம் செய்யலாம்மா. ஆனா ஒரு ஆளத் தூக்குறது மட்டும் இனிமே கூடாது. எப்பவுமே கூடாது” என்றார். நான் சிரித்தேன். அவருக்குப் புரியவில்லை.

பிரியமானவர்களே, நான் கேட்டது இதுதான்: அவரைத் தூக்க ஒரு கை. அது எனக்குக் கிடைக்கவில்லை, இனிமேல் கிடைக்காது. எங்களைப் பிரிக்காதே என்று கேட்டது மட்டும் கிடைத்தது, நான் நினைத்தே பார்க்காத வழியில். ஸ்டெல்லா கிறிஸ்துமஸுக்கு வந்தாள். கட்டிலில் இருந்து அவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். அதற்குப் பிறகு அந்த இல்லத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்களில் சிலருக்கு என்னைப் போலத் தோள் வலி, முழங்கால் வலி, வெளியில் சொல்லாத வேறு வலி இருக்கும். செபம் பண்ணுங்கள். கண்ணீரோடு பண்ணுங்கள். செபம் பண்ணிவிட்டு டாக்டரையும் பாருங்கள். வலி குறைந்தது போல இருந்தாலும் போய்ப் பாருங்கள். சுகமானேன் என்று சொல்லிவிட்டு மறுபடி நொந்தால், அதையும் வந்து சொல்லுங்கள். நம் ஆண்டவருக்கு நாம் பொய் சொல்லி மானம் காக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கையைத் தூக்கச் சொல்லும் முன், அவர் தோளில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிலோமினா இப்போது எல்லாரிடமும் கேட்கிறாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கு வருகிறார். பக்கவாதம் வந்த பிறகு முதல் தடவை. கோயில் வாசலில் மூன்று படி இருக்கிறது. அவர் அதில் ஏற நேரமாகும், கால் நடுங்கும், ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். உங்களுக்குப் பாவமாக இருக்கும், ஓடி வந்து தூக்கத் தோன்றும். நானும் பக்கத்தில்தான் நிற்பேன், எனக்கும் தோன்றும். தயவு செய்து யாரும் வராதீர்கள். அவரே ஏறட்டும்.